என் கையா, மவுஸா?

நாலு மாதத்துக்கு முன்னால் எழுதுவதையே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. 'இத்துடன் விடைபெறுகிறேன்' என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்தும் வைத்துவிட்டேன்.

காரணம் என் வலது கை. ஃபோல்டரை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தினது போலத் திறந்துகொள்ளும். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுக்க மவுஸை அழுத்தி இழுத்தால் பாதியில் கைவிட்டுப் போகும். சர்வே கேம்ப் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அவற்றை இடம் மாற்றும்போது நடுவழியில் நழுவி எந்த ஃபோல்டருக்குள் விழுந்தன என்று தெரியாமல் இரண்டு நாள் தேடினேன். கர்சரோ ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளும்.

என் அப்பாவுக்கு எழுபது வயதில் கை நடுக்கம் வந்தது. அம்மா அவருக்குக் காபியை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பாள், சிந்தக்கூடாது என்று. அவர் அதைக் கவனிக்காதது போல வாங்கிக் குடிப்பார். எனக்கு இப்போது எழுபத்தொன்று. வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

வீட்டுக்காரிக்குத் தெரியாமல் டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். கைகளை நீட்டச் சொன்னார், கையெழுத்துப் போடச் சொன்னார், காகிதத்தில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். முப்பத்தைந்து வருடம் புலப்படம் வரைந்த கை. சுருள் நன்றாகவே வந்தது. "நடுக்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. மணிக்கட்டுதான் வீங்கியிருக்கு. கையைத் தொங்கலில் வெச்சு வேலை செய்றீங்க" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

காலாண்டு லீவுக்குப் பேரன் வந்தான். கல்லூரி முதல் வருடம். என் மேஜையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, "தாத்தா, இந்த மவுஸை எப்படி வெச்சு வேலை செய்றீங்க? இது டபுள் கிளிக் அடிக்குது" என்றான். அழுத்துவதை எண்ணிக் காட்டும் ஒரு பக்கத்தைத் திறந்தான். என்னை நூறு தடவை நிதானமாக அழுத்தச் சொன்னான். அழுத்தினேன். திரை நூற்றுப் பதினாலு என்றது. அவன் அழுத்தினான். நூற்றுப் பதினொன்று. பத்தொன்பது வயசுப் பையன் கைக்கும் அதே கோளாறு!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, வயலில் இறங்குவதற்கு முன் செயினைச் சோதிக்க வேண்டும் என்பதுதான். இழுத்து இழுத்து வளையங்கள் விரிந்து செயின் நீண்டுபோகும். நீண்ட செயினால் அளந்தால் அளவு குறைவாகக் காட்டும், பட்டாக்காரன் வயிற்றில் அடித்த மாதிரி ஆகிவிடும். அளவு பிசகினால் முதலில் கருவியைப் பார், பிறகு கணக்கைப் பார், கடைசியில்தான் ஆளைப் பார். இத்தனையும் தெரிந்தவன், வீட்டு மேஜையில் ஒரு சின்னக் கருவி தப்பாக வேலை செய்தபோது நேராக என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். நம் வயசுக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம் என்பது என் எண்ணம். செல்போனில் எழுத்து தப்பாக விழுந்தால் 'எனக்கு விரல் தடிமன்', ஏ.டி.எம். திரை தொட்டும் அசையவில்லையென்றால் 'எனக்கு இதெல்லாம் வராது'.

பழைய மவுஸின் கோளாறு என்னவென்று பேரன் பிரித்தே காட்டினான் (கம்பெனி பெயர் வேண்டாம், ஏழு வருடம் உழைத்துவிட்டது). பொத்தானுக்கு அடியில் கடுகு டப்பி போல ஒரு குட்டி ஸ்விட்ச். அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று. அழுத்தினால் 'டக்' என்று மடங்கி இன்னொரு முனையைத் தொடும். நாளாக ஆகத் தகடு தளர்ந்தும் முனை கறுத்தும் போனால், ஒரு தடவை தொடுவதற்குப் பதில் தொட்டுத் தொட்டு விலகும். பழைய வீட்டுச் சுவர் ஸ்விட்சைப் போட்டால் பல்பு இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரியுமே, அதேதான்.

கர்சர் துள்ளியதற்கு இன்னொரு காரணம். அது முழுக்க என் தவறு. என் மேஜை மேல் கண்ணாடி போட்டு அடியில் குடும்பப் படங்கள் வைத்திருக்கிறேன், உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இப்போதைய மவுஸின் வயிற்றில் இருப்பது ஒரு சின்னக் கேமரா. ஒரு விளக்கைப் பக்கவாட்டில் அடித்து, அடியில் இருக்கும் பரப்பின் சொரசொரப்பை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் பிடித்து, முந்தைய படத்துக்கும் இதற்கும் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடும். 1999-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரரில் அது வினாடிக்கு 1500 படம். கண்ணாடியில் சொரசொரப்பு ஏது? பாவம், அது எதைப் பார்த்துக் கணக்குப் போடும்? போன வருடக் காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டேன், பாதித் துள்ளல் அன்றைக்கே நின்றது.

(உருண்டை மவுஸ் காலத்தில் ஆபீசில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை மூடியைத் திருகி உருண்டையை எடுத்து, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை ஊக்கால் சுரண்டுவோம். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைகளில் உருண்டையே காணாமல் போய்விடும். டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் அமெரிக்காவில் 1964-ல் செய்த முதல் மவுஸ் மரப்பெட்டி. அதில் உருண்டை கூடக் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒரு பொத்தானும்தான்.)

ஊருக்குப் போகும்போது பேரன் தன் மவுஸை என்னிடம் விட்டுப் போனான். விளையாட்டுப் பையன்கள் வாங்குகிற கேமிங் மவுஸ், லாஜிடெக் ஜி102. "துப்பாக்கி சுடுற விளையாட்டு மவுஸ் எனக்கு எதுக்குடா கண்ணு?" என்றேன். "ஒரு மாசம் வெச்சுப் பாருங்க தாத்தா" என்றான். நாலு மாதம் பார்த்துவிட்டேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பாதை போட்டேன்.

பெட்டி மேல் பெரிய எழுத்தில் 8000 டி.பி.ஐ. என்று போட்டிருக்கிறான். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் கர்சர் எத்தனை புள்ளி நகரும் என்பதுதான் இந்தக் கணக்கு. என் திரையின் அகலம் 1920 புள்ளி. 8000-ல் வைத்தால் கால் அங்குலம் நகர்த்துவதற்குள் கர்சர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். அதே கம்பெனியின் ஜி502 ஹீரோவில் 25,600 வரை உண்டாம். அதில் இரண்டு மில்லிமீட்டர் கூட வேண்டாம்! பம்ப்செட் மேட்டை அளக்க நூலிழை நூலிழையாகக் கோடு போட்ட டேப் விற்கிற கதை. நான் 800-ல் வைத்திருக்கிறேன். வயசானவர்கள் அதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. எண் பெரிதாக இருந்தால் பொருள் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் எண்ணைத் தள்ளிவிட்டுச் சென்சாரை மட்டும் பார்த்தால், அருமை. நான் அளந்து பார்த்தேன், விடுவேனா? முதலில் விண்டோஸ் செட்டிங்கில் மவுஸ் பகுதிக்குப் போய், வேகமாக நகர்த்தினால் கர்சரை அதிக தூரம் ஓட வைக்கும் அந்த ஒரு டிக்கை எடுத்தேன். அது இருக்கும் வரை எந்த அளவும் அளவல்ல. பிறகு மேஜையில் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி வைத்து, திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஓட்டினேன். 1920-ஐ 800-ஆல் வகுத்தால் 2.4 அங்குலம், சென்டிமீட்டரில் 6.1 வர வேண்டும். பத்துத் தடவை ஓட்டினேன். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே, அவ்வளவுதான். அதிலும் என் கண்ணின் பங்கு பாதி இருக்கும்.

அடுத்தது நாங்கள் குளோசிங் எரர் என்று சொல்வது. ஒரு கல்லில் தொடங்கி நாலு பக்கமும் அளந்துகொண்டு அதே கல்லுக்குத் திரும்பி வந்தால் கணக்கு அதே புள்ளியில் முடிய வேண்டும். முடியாவிட்டால் எங்கோ பிழை. மவுஸை ஸ்கேல் முனையில் நிறுத்தி, திரை ஓரத்தில் முட்டாதபடி முன்னும் பின்னும் வேகமாகப் பத்துத் தடவை ஓட்டிவிட்டு அதே முனைக்குக் கொண்டுவந்தேன். கர்சர் கிளம்பிய எழுத்தின் மேலேயே வந்து நின்றது. பழைய மவுஸையும் அதே காலண்டர் அட்டை மேல் ஓட்டினேன். வேகமாக ஓட்டியதில் கணக்கை விட்டுவிட்டு ஒரு விரல்கடை தள்ளி நின்றது.

இன்னொன்று. சாதாரண மவுஸ் வினாடிக்கு 125 தடவை கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும், இது 1000 தடவை. எட்டு மில்லிசெகண்டுக்கும் ஒரு மில்லிசெகண்டுக்கும் உள்ள வித்தியாசம் பேரனுக்கு உயிர்ப் பிரச்சினை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

கைக்கு எப்படி? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். எடை 85 கிராம், ஒரு சின்ன மாம்பிஞ்சு கனம்தான், மணிக்கட்டுக்கு நல்லது. பொத்தான் அதிகம் அழுத்தாமலே 'டக்' என்கிறது, விரல் மூட்டு வலிக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். இடப்பக்கம் கட்டைவிரலுக்கு இரண்டு பொத்தான். அதில் ஒன்று முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போக. பேப்பர் படிக்கும்போது திரையின் மூலைக்கு ஓட வேண்டியதில்லை. இப்போது வேறு மவுஸைத் தொட்டாலும் என் கட்டைவிரல் அதைத்தான் தேடுகிறது.

நீளம் 116.6 மில்லிமீட்டர். என் கையோ மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை இருபது சென்டிமீட்டர். அதனால் உள்ளங்கை முழுதும் அதன் மேல் படுக்காது, விரலைக் கொஞ்சம் மடக்கித்தான் பிடிக்க வேண்டும். நண்பர் மகனிடம் ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் இருக்கிறது, 127 மில்லிமீட்டர், முதுகு நல்ல மேடு. அரை மணி நேரம் கடன் வாங்கிப் பார்த்தேன். கை அப்படியே படுத்துக்கொண்டது. மண்வெட்டிக் காம்பு போல, அவரவர் கைக்குத் தகுந்ததுதான். பெரிய கைக்காரர்களுக்கு அது, சின்னக் கைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் இது என்று சொல்வேன். இடக்கைக்காரர்களுக்கு இரண்டுமே முழுதாக உதவாது, பக்கப் பொத்தான்கள் அவர்கள் கட்டைவிரலுக்கு எதிர்ப்புறம் போய்விடும்.

எனக்குத் தீராத மனத்தாங்கல் இதுதான்: செருப்பை மாட்டி நாலடி நடந்து பார்க்காமல் வாங்குவோமா? மவுஸை மட்டும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொட்டுப் பார்க்க வழியே இல்லை.

இந்த மாதிரி மவுஸ்களில் வீல் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், தெரியாமல் விரல் பட்டால் வேகம் மாறி கர்சர் அறுத்துவிட்ட காளை மாதிரி ஓடும். பயப்பட வேண்டாம், கம்பெனியின் மென்பொருளில் அதை முடக்கி வைக்கலாம். பேரன் போனிலேயே சொல்லிச் செய்ய வைத்தான். விளக்கும் அப்படித்தான். கலர் கலராக ஓடும். முதல் நாள் ராத்திரி வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, கார்த்திகைக்கு மலை மேல ஏத்துற தீபம் போதாதா, மேஜை மேலயும் ஏத்தணுமா?" என்றாள். அணைத்துவிட்டேன்.

பொத்தான் ஒரு கோடி அழுத்தல் தாங்கும் என்று கம்பெனிக் கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் அழுத்தினாலும் ஐயாயிரம் நாள், பதின்மூன்று வருடத்துக்கு மேல். எண்பத்து நாலு வயது வரை மவுஸ் வாங்க வேண்டாம். அதற்குள் யார் முந்துகிறோம் என்று பார்ப்போம்.

மணிக்கட்டு வலி முழுக்க மவுஸால் போகவில்லை. நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தை ஏற்றி, முழங்கை மேஜை மட்டத்துக்கு வந்த பிறகுதான் வீக்கம் வடிந்தது. டாக்டர் சொன்னது சரி. தனியாகப் போய் வந்ததை இவளிடம் போன வாரம்தான் சொன்னேன். நாள் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் காபியை டம்ளர் விளிம்பு தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்த்தாள். சிந்தாமல் குடித்தேன்.

நம் பக்கத்தில் யாருக்காவது கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் அடி அண்ணாமலைக்கு வாருங்கள், ஸ்கேலும் காலண்டர் அட்டையும் தயாராக இருக்கின்றன. நண்பர் மகனிடம் சொல்லிப் பெரியதையும் வாங்கி வைக்கிறேன். பௌர்ணமி அன்று மட்டும் வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையாது.