டேப் பொய் சொல்லுது மச்சான்!

போன வருஷம் தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்டுல ஃபுட்பால் ஆடினப்போ, இடது முழங்கால்ல 'டப்'புனு ஒரு சத்தம். லிகமென்ட் கட்! ஆபரேஷன், ஊன்றுகோல், அப்புறம் ஒரு செமஸ்டர் முழுக்க லாஸ்ட் பெஞ்ச்ல கால் நீட்டி கொட்டாவி. ஆறாவது மாசம் அம்மாவோட தையல் டேப்பை எடுத்து ரெண்டு தொடையையும் அளந்தேன். வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர்! 'இன்டர் காலேஜ் மேட்ச்சுக்கு நான் ரெடிடா'னு டீமுக்கே மெசேஜ் தட்டிட்டேன்.

அடையாறுல எனக்கு பிசியோ பண்ற அக்கா சிரிச்சாங்க. "சதை எது, கொழுப்பு எதுன்னு டேப்புக்குத் தெரியாதுப்பா. ஸ்கேன் பார்த்துட்டுப் பேசு."

ஸ்கேன் ரூம் சுவத்துல, 'இங்கு சிசுவின் பாலினம் தெரிவிக்கப்படுவதில்லை'னு போர்டு. அதுக்குக் கீழ ஷார்ட்ஸோட நான்! தொடையைப் பார்க்கிற மெஷினால வயித்தையும் பார்க்க முடியுமே... அதனால 1994-ல வந்த சட்டம் அதையும் விடாது.

இடுப்பெலும்பு முனைக்கும் முழங்கால் சில்லுக்கும் நடுவுல பேனாவால ஒரு கோடு. மேல தாராளமா ஜெல். டாக்டர் கருவியைத் தொடையில அழுத்தவே மாட்டேங்கிறார். கொஞ்சம் அழுத்தினாலும் தசை நசுங்கி மெலிசா காட்டிடுமாம். உள்ளே போற ஒலிக்கு வேகம் செகண்டுக்கு சுமார் 1,540 மீட்டர். எலும்புல மோதித் திரும்பும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்வர 13 மைக்ரோசெகண்ட். அந்த நேரத்தைத்தான் மெஷின் மில்லிமீட்டரா மாத்துது. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல எனக்கு அரியர் வெச்ச அதே எக்கோ!

முன் தொடைத் தசை வலதுல 34 மி.மீ. இடதுல 26. கிட்டத்தட்ட கால் பங்கு காணோம்! தசை கரைஞ்ச இடத்துல, ரெஸ்ட்ல இருந்தப்போ பாட்டி ஊட்டின நெய் தோசை குடியேறியிருக்கு. டேப் ஏமாந்துபோச்சு. மேட்ச் அன்னிக்கு நான் வாட்டர் பாட்டில்தான் தூக்கினேன்.

கிரவுண்டுலயே இப்படிப் பார்த்துட முடியாதா? விளையாட்டுக் காயங்களுக்காக ஒரு மொபைல் அல்ட்ராசவுண்ட் கருவியை உருவாக்கியிருக்கிறதா ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025 ஜூலையில அறிவிச்சுது. ஆனா, தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி அந்த போர்டு சட்டத்தையும் தாண்டணும் பாஸ்!

சரி, நெய் தோசை பாட்டிக்கு வருவோம். மயிலாப்பூர் வாசி. கபாலி கோயில் போயிட்டு வந்து ஆட்டோவுல இருந்து இறங்க என் தோளைப் பிடிப்பாங்க. "வயசாச்சுடா, அவ்ளோதான்." பத்து வருஷமா எடை மாறலை. அதனாலயே வீட்ல யாரும் கவலைப்படலை. எனக்குத்தான் உறுத்திச்சு. எடை மெஷினும் டேப்போட தம்பிதானே?

அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். துருக்கி டாக்டர்கள் 2020-ல சொன்ன ஒரு கணக்கு இருக்கு. முன் தொடைத் தசையோட தடிமனை மில்லிமீட்டர்ல எடுத்து, பி.எம்.ஐ-யால வகுக்கணும். பெண்களுக்கு 1, ஆண்களுக்கு 1.4... அதுக்குக் கீழ போனா தசை குறைவு. பாட்டிக்கு 22-ஐ 25-ஆல வகுத்தா 0.88! சேர்ல இருந்து அஞ்சு தடவை எழுந்து உட்கார 17 செகண்ட் ஆச்சு. 12 ஆனாலே கவனிக்கணுமாம்.

"வயசு இல்ல மாமி, தொடை. ஏத்திடலாம்"னார் டாக்டர். பாட்டி முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்!

இப்ப தினம் காலையில திண்ணையில பாட்டி சேரைப் பிடிச்சு எழுந்து உட்கார, பக்கத்துல நான் ஸ்குவாட்ஸ். தட்டுல தோசை குறைஞ்சு சுண்டல் ஏறியிருக்கு. மூணு மாசம் கழிச்சு அடுத்த ஸ்கேன். மில்லிமீட்டர் யாருக்குக் கம்மியா ஏறுதோ, அவங்க செலவுல ராயர் கஃபே பொங்கல். பெட் கட்டினது பாட்டிதான்!