சிறுகதைக்குத் தீர்ப்பு வேண்டுமா?

மனுநீதிச் சோழன் கதையைத் தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார். தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கன்றும், ஆராய்ச்சி மணியை அசைத்த பசுவும், பெற்ற மகனையே தேர்க்காலிலிட்ட மன்னனும் தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்களில் இடம்பெற்று வருகின்றனர். ஆனால், அக்கதையில் இன்னொருவனும் உண்டு. இளவரசன்மீது தேரைச் செலுத்துமாறு அரசன் முதலில் பணித்தது ஓர் அமைச்சனைத்தான். ஆணையை மீறினால் அரச துரோகம். நிறைவேற்றினால், அறியாது பிழைத்த இளைஞனைக் கொன்ற பழி. இரண்டுக்கும் நடுவே நின்ற அவ்வமைச்சன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான் என்கிறது பெரியபுராணம். சேக்கிழார் அவனை மறைக்கவில்லை. பின்வந்த கதைசொல்லிகளும் வகுப்பறைகளுமே அவனை மறந்தன. அரசனின் நீதி எத்தகையது என்று கேட்ட தேர்வுத்தாள்கள் எத்தனையோ; அமைச்சனின் நெஞ்சில் நடந்த போர் எத்தகையது என்று எந்தத் தேர்வுத்தாள் கேட்டது?

சிறுகதைக்குரிய இடம் அவ்வமைச்சன் நின்ற இடமே. காப்பியம் ஒரு குலத்தின் கதையைச் சொல்லலாம். நாவல் ஒரு வாழ்க்கையை விரிக்கலாம். சில பக்கங்களே உடைய சிறுகதை, ஒரு மனிதன் ஒரு கணத்தில் தன் மனச்சான்றின் முன் தனித்து நிற்பதைத்தான் முழுமையாகக் காட்ட முடியும். புராணத்தில் இறைவன் விடைமேல் எழுந்தருளிக் கன்றையும் மகனையும் அமைச்சனையும் ஒருங்கே எழுப்பிவிடுகிறான். சிறுகதையில் அப்படி எழுந்தருள ஒருவரும் இல்லை, இருத்தலும் ஆகாது.

மலேசிய, சிங்கப்பூர்ப் போட்டிக் கதைகளிலும் விழா மலர்க் கதைகளிலும் பலவற்றின் நிலை இதற்கு நேர்மாறானது. குடிகாரத் தந்தை மகளின் கண்ணீரைக் கண்டு ஒரே இரவில் திருந்துகிறான். கையூட்டு வாங்கிய குமாஸ்தா கடைசிப் பத்தியில் விபத்தில் சிக்கிக் காலை இழக்கிறான். நேர்மை தவறாத ஏழைக்கு நான்கு இலக்க எண்ணில் பரிசு விழுகிறது! விடைமேல் வந்த இறைவன் இப்பொழுது லாரியாகவும் லாட்டரியாகவும் வருகிறான் போலும். கதாபாத்திரத்தின் நெஞ்சை அழுத்திய சுமையை ஆசிரியனே இறக்கிவைத்துவிடுகிறான். படித்தவனுக்குச் சுமக்க ஒன்றுமில்லை. அவன் நிம்மதியாக உறங்கச் செல்கிறான்.

இலக்கியம் ஒழுக்கத்தைக் கற்பிக்க வேண்டாமா, அதிலும் கள்ளுக்கடையாலும் சாதிப் பூசலாலும் சிதைந்த ஒரு சமுதாயத்திற்கு வழிகாட்ட வேண்டாமா என்று கேட்பாருளர். இக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ போன்ற ஏடுகளின் சீர்திருத்த வேட்கையில்தான் இந்நாடுகளின் எழுத்தாளர் பலர் பேனா பிடித்தனர். அவ்வேட்கைக்கு வேலை இருந்தது, வேலையும் நடந்தது. எனினும், குடி தீது என்பதில் எவருக்கு ஐயம்? ஐயமில்லாத இடத்தில் அறச்சிக்கலும் இல்லை. அங்கே ஒரு நல்ல சொற்பொழிவே போதும். இரு கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது, அல்லது இரண்டு தீமைகளில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்னும்போதுதான் சொற்பொழிவாளன் வாயடைத்துப் போகிறான், சிறுகதையாசிரியன் வாய்திறக்கிறான்.

1966-இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ எழுப்பிய கொந்தளிப்பு இதற்குச் சான்று. மழைநாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, கற்பிழந்து வீடு திரும்பித் தாயிடம் அனைத்தையும் சொல்கிறாள். அலறி அடித்த தாய், அண்டை வீட்டார் வந்து கேட்கும்போது உண்மையை மறைத்துவிடுகிறாள். பிறகு மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவள் என்கிறாள். அத்தாயின் பேச்சு சற்று நீளம்தான். ஓரிடத்தில் மேடைப் பேச்சின் வாடையும் அடிக்கிறது. ஆயினும், கதையின் உயிர் அப்பேச்சில் இல்லை. ஊர் வாசலில் நிற்கையில், மெய்யா மகளா என்று ஒரு விதவைத் தாய் முடிவுசெய்ய வேண்டிய அந்த ஒரு நொடியில் இருக்கிறது. பொய்யுரைத்தவனைத் தண்டிக்கும் பொறுப்பை அரசனிடம் விடாது அவனது நெஞ்சிடமே ஒப்படைத்தவர் வள்ளுவர். இத்தாயின் நெஞ்சு எதற்காகச் சுடும்? பொய் சொன்னதற்கா, சொல்லாமல் இருந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதற்கா? இதற்கு விடை சொல்ல முடியாமல்தான் தமிழகம் சினந்தது. முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. ஜெயகாந்தனோ தம் தீர்ப்பைத் தாமே மறுவிசாரணைக்கு உட்படுத்தினார். அந்தத் தாய் மறைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்தே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. 1972-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாடமி பரிசையும் பெற்றது. கதை தந்த அமைதியின்மை அதனை எழுதியவரையே விடவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இவ்வழியை முன்பே வெட்டியவர் புதுமைப்பித்தன். அவருடைய ‘சாபவிமோசனம்’ 1943-இல் வெளிவந்தது. தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். அக்கல்லின் முன் என்ன ‘படிப்பினை’யை எழுதிவைப்பது?

இத்தகைய கதைகளெல்லாம் கற்பு, பழி, சாபம் என்னும் பெரும்பொருள்களைப் பற்றியவை. எளிய வாழ்வில் இவற்றுக்கு இடமேது என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை. 1950-களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றி, இந்நாட்டு இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டிய கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ அதற்கு மறுப்பாக நிற்கிறது. அக்கதையில் குற்றவாளி இல்லை, கொடுமை இல்லை. குழந்தைகளிடம் அன்புடைய ஒருவர் இரு சிறுவர்க்கு டைரி வாங்கித் தருகிறார். சாரங்கன் என்னும் சிறுவனுக்குத் தரவில்லை. அவன் மீது அவருக்கு வெறுப்பில்லை. அவனைப் பற்றி எண்ணவில்லை, அவ்வளவே. சாரங்கன் அழவுமில்லை, பிடுங்கவுமில்லை. அவரைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைத்துச் சென்று, தானே வைத்திருக்கும் ஒரு டைரியை நீட்டி, இது உங்கள் அன்பளிப்பு என்று எழுதித் தருமாறு கேட்கிறான். அவர் எழுதுகிறார். கதை அங்கே முடிந்துவிடுகிறது. அவர் திருந்தினார் என்றோ, மறுநாள் புதிய டைரி வாங்கி வந்தார் என்றோ அழகிரிசாமி ஒரு வரி சேர்த்திருந்தால் சாரங்கன் செத்திருப்பான். நாற்பது மாணவர்களுள் ஓரிருவரைப் பெயர்சொல்லிப் பாராட்டிப் பழகிய எந்த ஆசிரியரும் அக்கதையைப் படித்துவிட்டு மறுநாள் வகுப்பறைக்குள் பழைய கண்களோடு நுழைய இயலாது. அழகிரிசாமி மறைந்த 1970-ஆம் ஆண்டிலேயே அப்பெயர் தாங்கிய தொகுதிக்குச் சாகித்திய அகாடமி பரிசு வழங்கப்பெற்றது.

மலேசியத் தமிழர் வாழ்வில் இத்தகைய கணங்களுக்குப் பஞ்சமில்லை. 1943-இல் ஜப்பானிய இராணுவம் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ரப்பர்த் தோட்டங்களில் ஆள் திரட்டியது. பட்டியல் கேட்டபோது, கிராணியின் பேனா எந்தப் பெயரில் தயங்கியிருக்கும்? தன் தம்பியின் பெயரை விட்டுவிட்டு அடுத்த லயத்துக்காரன் பெயரை எழுதியவன், போர் முடிந்தபின் அவன் மனைவி முகத்தில் எப்படி விழித்திருப்பான்? அப்பெருந்துயரத்தின் வரலாற்றை நாவல்கள் சொல்லியிருக்கின்றன. பேனா தயங்கிய அந்தக் கணம் சிறுகதையின் உடைமை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோதும் இதுவே நேர்ந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தந்தை கப்பலேறுவதா, நீல அட்டை வைத்திருந்த மக்களோடு வேலையின்றி இங்கேயே கிடப்பதா? இதில் எந்த முடிவை எடுத்தவன் குற்றவாளி? கப்பல் ஏறியவனைக் கோழை என்றோ, தங்கியவனைப் பாரம் என்றோ எழுதி முடிக்கும் கதையாசிரியன், அக்குடும்பத்தின் வாசற்படியைக்கூட மிதித்தவன் அல்லன்.

ஆசிரியர்கள் இதனைக் கற்பிப்பது எங்ஙனம் என்பதே எஞ்சி நிற்கும் வினா. ‘இக்கதை உணர்த்தும் படிப்பினை யாது?’ என்ற கேள்வியை ஓராண்டு மட்டும் ஒதுக்கி வைத்துப் பார்க்கலாம். நன்னெறிக் கல்விக்கென்று தனிப் பாடவேளை இருக்கிறது. இலக்கிய வகுப்பு அதன் கிளை அலுவலகம் அன்று. அக்கேள்விக்குப் பதிலாக, தேரின் முன் நின்ற அமைச்சன் தன் மனைவிக்கு எழுதியிருக்கக்கூடிய கடிதத்தை எழுதுக என்று கேட்கலாம். கதவைச் சாத்திய தாய் பத்தாண்டுகள் கழித்து அண்டை வீட்டாரிடம் என்ன பேசுவாள் என்று கேட்கலாம். ஒரு மாணவி ஒரு விதமாகவும், பக்கத்து இருக்கை மாணவன் அதற்கு நேர்மாறாகவும் எழுதுவார்கள். இருவருக்கும் மதிப்பெண் வழங்க வேண்டிவரும். விடைப்பட்டியலை வைத்துக்கொண்டு அத்தாள்களைத் திருத்த முடியாது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்தே தீரவேண்டும்.