சூனியம் வைத்து சிம்மாசனம் பிடிக்கலாமா?

யானைப்படை இல்லை, கஜானா காலி. ஆனாலும் ராஜ்ஜியத்தைக் கைக்குள் வைத்திருக்க வேண்டும். என்ன செய்வது? 'சூனியம் கற்றுக்கொள்' என்கிறது ஒரு கேம்!

ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட 'குரூசேடர் கிங்ஸ் 3'தான் அது. இதில் ராஜா இறந்தாலும் ஆட்டம் முடியாது. வாரிசாக மாறித் தொடரலாம். 1066-ல் தொடங்கினால் சோழராகவும் ஆடலாம். வீரராஜேந்திரர் ஆண்ட அந்தக் காலத்தில் கொங்கு நாடும் சோழர் கையில்தான் இருந்தது.

சூனியம் இதில் எப்படி வேலை செய்கிறது?

எலுமிச்சம்பழம் உருட்டினால் எதிரி விழுந்துவிட மாட்டார். சூனியம் என்பது இங்கே ஒரு ரகசியம். அதை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, வம்சத்தையே ஒரு ரகசியக் கூட்டமாக்கலாம். ஆனால், விஷயம் வெளியாள் காதில் விழுந்தால் உங்கள் குடுமி அவர் கையில். சூனியத்தைக் குற்றமாகப் பார்க்கும் மதம் என்றால் சிறைதான். அதனால் கைதேர்ந்தவர்கள், தாங்கள் சூனியம் செய்வதைவிட, யார் செய்கிறார்கள் என்று ஒற்றரை வைத்துக் கண்டுபிடிப்பதில்தான் குறியாக இருப்பார்கள்.

நிஜ சரித்திரத்திலும் லாபம் பார்த்தவர்கள் பழி போட்டவர்கள்தான். 1419-ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் சிற்றன்னை ஜோன் மீது சூனியப் பழி விழுந்தது. விசாரணையே நடக்கவில்லை, அவருடைய சொத்து வருமானம் மட்டும் அரசுக்குப் போனது. அப்போது பிரான்ஸ் போருக்குப் பணம் தேவைப்பட்டது! 1422-ல், தான் இறப்பதற்குச் சற்று முன்புதான் அதைத் திருப்பித் தரச் சொன்னார் ஹென்றி.

இது ஏதோ வெளிநாட்டுப் பழங்கதை இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அந்த மூன்று மாநிலங்களிலும் ஒரு பெண்ணை 'சூனியக்காரி' என்று முத்திரை குத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. பீகாரில் 1999-ல் வந்தது, ஜார்க்கண்டில் 2001-ல், ஒடிசாவில் 2013-ல்.

ஜார்க்கண்டின் சுட்னி தேவி 1995-ல் அப்படிப் பழி சுமத்தப்பட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்டவர். பிறகு தன்னைப்போல் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் போராடி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

கேமில் மாட்டிக்கொண்டால் பழைய சேவ் ஃபைலைத் திறந்து மறுபடி ஆடலாம். நிஜத்தில் யாராவது ஒரு பெண்ணைக் கைகாட்டி 'சூனியக்காரி' என்றால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் வெளியேறினால் அந்த வீடும் நிலமும் யாருக்குப் போகும்?