ஓப்பனிங் மனப்பாடம் செய்தால் குகேஷ் ஆகிவிடலாமா?

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த நம்ம தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே சந்தித்துக்கொள்கிறோம் தெரியுமா? ஏதாவது ஒரு செஸ் வகுப்பு வாசலில்தான். "என் பையன் சிசிலியன்ல பதினெட்டு மூவ் ஒப்பிப்பான் சார்" என்று பெருமை வேறு. ஒப்பிக்கட்டும். அதே பையனிடம் ராஜாவையும் ஒரே ஒரு சிப்பாயையும் கொடுத்து ஜெயிக்கச் சொன்னால் திருதிருவென்று முழிக்கிறான்!

குகேஷைப் பார்த்துத்தானே சேர்த்துவிட்டீர்கள்? அவர் பட்டம் வென்ற ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14-வது ஆட்டம். அதுவரை 6.5-6.5. வெள்ளைக்காய் டிங் லிரெனுக்கு. முதல் மூவ் குதிரை எஃப்3, ரெட்டி வகை ஓப்பனிங். அந்த ஓப்பனிங்கில் யாராவது தோற்றார்களா? இல்லை. ராணிகள் வெட்டுப்பட்டு, ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், கொஞ்சம் சிப்பாய்கள் மிச்சம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிரா என்றே பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். குகேஷ் கட்டவில்லை. நகர்த்திக்கொண்டே இருந்தார்.

55-வது மூவில் டிங் யானையை எஃப்2-வில் வைத்தார். யானைக்கு யானை போனது. டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் இருந்ததால் அதையும் வெட்டுக் கொடுக்காமல் தப்ப வழியில்லை. மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும். 58 மூவில் ஆட்டம் முடிந்தது. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்!

"பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் ஓப்பனிங்குக்குத் தனிக்குழுவே வைத்திருக்கிறார்களே?" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அவர்களுக்கு எதிரே உட்காருகிறவரும் இருபது மூவ் தெரிந்தவர். உங்கள் பத்து வயதுப் பிள்ளைக்கு எதிரே இருப்பவன் நாலாவது மூவிலேயே புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுவான். அப்புறம்? இதே குகேஷைச் சிறுவயதில் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே போகவிடாமல் பழக்கினார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. சொந்தமாக யோசிக்கட்டும் என்றுதான்.

நான் பேங்க்காரன், பி.காம். கணக்கு தொடங்குகிற நாளில் யாரும் பணக்காரன் ஆவதில்லை. அது தெரிந்த நாமே, ஓப்பனிங் கோர்ஸுக்கு மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒப்பிப்பது எளிது, பெற்றோருக்குக் காட்டுவதும் எளிது, அதனால்தான் விற்கிறது.

அடுத்த ஞாயிறு ஃபீஸ் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாஷே, எண்ட்கேம் எப்போ சொல்லித் தருவீங்க?" பதில் வரவில்லையா, பணத்தைப் பையிலேயே வையுங்கள்.