டிப் என்றால் பார்ட்டி, மாட்டுக்கறி என்றால் தீட்டா?

அமெரிக்க வீட்டு விருந்துகளில் சூடாக ஒரு கிண்ணம் மேசைக்கு வரும். உப்பிட்டு உலர்த்திய மாட்டுக்கறியைப் பொடியாக நறுக்கி, க்ரீம் சீஸ், வெங்காயம், குடைமிளகாய் சேர்த்து அவனில் சுட வைத்தது. ரொட்டித் துண்டை அதில் தோய்த்துத் தின்பார்கள். பெயர் பீஃப் டிப். இதே கிண்ணம் சென்னையில் ஒரு மாடி வீட்டுப் பார்ட்டிக்கு வந்தால் ரெசிபி கேட்பார்கள். யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள்.

உப்பிட்டு உலர்த்திய மாட்டுக்கறிக்கு நம் சேரியில் பெயர் உப்புக்கண்டம். மாடு அறுத்த நாளில் மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து, மழைக்காலத்துக்குப் பத்திரப்படுத்தினார்கள் நம் பாட்டிகள். மராத்வாடாவின் தலித் வீடுகளில் இதுவே சான்யா. கறி ஒன்றுதான். வீடு கேட்டுப் போகும்போது "மாட்டுக்கறி சமைப்பீங்களா?" என்று விசாரிக்கிறார்களே, அது சமையல் பற்றிய கேள்வியா? சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர் சட்டியைக் கேட்கிறார். பர்கர் தின்கிற ஆதிக்கச் சாதிப் பையனுக்கு அந்தக் கேள்வி வருவதே இல்லை. அவனுக்கு அது ருசி, நமக்கு மட்டும் அடையாளமாம்!

தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியோடு இணைத்து 1948இலேயே ஒரு நூல் எழுதினார் அண்ணல் அம்பேத்கர். அரசு அலுவலகங்களில் அவர் படம் தொங்குகிறது. ஆனால் 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தார்கள். இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது.

"சிலர் மனம் புண்படும்" என்பார்கள். கோழி தின்னாதவர் மனம் புண்படும் என்று எந்தத் திருவிழாவில் கோழியை நிறுத்தினார்கள்? வேண்டாதவர் அடுத்த கிண்ணத்துக்குப் போகட்டும்.

ஆகவே விடுதி விருந்தோ படிப்பு வட்டமோ, நம் கிண்ணமும் மேசைக்கு வரட்டும். பத்துப் பேருக்கு 200 கிராம் உப்புக்கண்டம் போதும். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் உப்பு வாயில் வைக்க விடாது. குக்கரில் பஞ்சாக வேகவைத்து நாராகப் பிய்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூளோடு வதக்குங்கள். க்ரீம் சீஸ் விலைக்கு நாம் எங்கே போவது? கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டால் அதே பதம் வந்துவிடும். அதில் 200 கிராமும், அரைக் கோப்பை பாலாடையும் அடுப்பை நன்றாகக் குறைத்த பிறகே சேர்க்க வேண்டும். கொதித்தால் தயிர் திரிந்துவிடும். கடைசிவரை உப்புப் போடாதீர்கள், கறியிலேயே இருக்கும். தொட்டுத் தின்ன அப்பளமும் மரவள்ளிச் சிப்ஸும் ரொட்டியைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

கிண்ணத்துக்கு முன்னால் ஓர் அட்டை வையுங்கள். தின்னாதவர் தெரிந்து விலக அது வேண்டும். அதில் பீஃப் டிப் என்று மட்டும் எழுதி ஒளிந்துகொள்ளாதீர்கள். 'மாட்டுக்கறி உப்புக்கண்டம்' என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்.