பாழடைந்த பின்னணி

இடிந்த மாதாகோவிலுக்கு முன்னால் மணமக்களை நிறுத்திப் படம் பிடிக்கும் வழக்கத்தை நான் ஆட்சேபிக்கிறேன். சமீபத்தில் இரண்டு கல்யாண ஆல்பங்களைப் புரட்டினேன். ஒன்று ஸ்ரீரங்கத்து வீட்டினுடையது, மற்றது உறையூர்க்காரர்களுடையது. இரண்டிலும் தனுஷ்கோடியின் அதே மொட்டைச் சுவர், அதே ஆகாயம், பெண்ணின் புடவைத் தலைப்புக் காற்றில் பறக்கிறது. “அழகாக இல்லையா?” என்று கேட்டார்கள். இருக்கிறது. அதுதான் என் சண்டையே.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டியைக் கடல் வாரிக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில் நிலையம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், சுங்க அலுவலகம் எல்லாம் குட்டிச்சுவராயின. பாம்பன் பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடியையோ, மனிதர் வாழத் தகுதியற்ற இடமென்று அறிவித்துவிட்டார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு அது அந்நிய ஊரும் அல்ல. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வேதான் 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்டது. போட் மெயிலில் நம் ஜங்ஷனைத் தாண்டி இலங்கைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஸ்ரீரங்கத்தின் தெற்கு வாசலில் ராயகோபுரம் பல நூற்றாண்டுகள் அரைகுறையாக நின்றது. ‘மொட்டையாக இருப்பதே அழகு, அப்படியே விடுங்கள்’ என்றா சொன்னோம்? ஊர் ஊராகப் பணம் சேர்த்து, 1987-இல் 236 அடி ராஜகோபுரமாக நிமிர்த்திக் கும்பாபிஷேகம் செய்தோம். நம் வீட்டுக் குறை நமக்குக் குறையாகத் தெரிகிறது. அடுத்தவன் வீட்டுப் பாழ் மட்டும் காட்சியாகத் தெரிகிறது!

‘படம் எடுப்பதால்தானே ஐயா, அந்த ஊரின் நினைவு நிற்கிறது?’ என்பார்கள். எந்த நினைவு? ஆல்பத்தில் ஊர்ப் பெயர் இல்லை, வருஷம் இல்லை. அங்கே இன்றும் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ‘கொஞ்சம் நகர்ந்துக்கங்கம்மா’ என்று அவர்களை ஒதுக்கிவிட்டுத்தான் காமிரா சொடுக்குகிறது. பூசை நடந்த பீடத்தருகே செருப்புக் காலோடு நின்று சிரிக்கிறார்கள். நாடகக் கொட்டகையில் தொங்கும் படுதாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காமிராவே கூடாது என்பது என் கட்சியல்ல. அந்தக் கோவில் பவளப் பாறைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியது. உப்புக் காற்று அதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், தேதி போட்டுப் படம் எடுத்து வைத்தால், எந்தச் சுவர் எவ்வளவு கரைந்தது, எதற்கு உடனே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். அது சாட்சி. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டாகிவிட்டது, போவதில் சிரமமில்லை. ஆனால் இந்த வேலைக்காகப் போகிறவர்கள் எத்தனை பேர்?

கல்யாணத்துக்கு மாதாகோவில்தான் பின்னணியாக வேண்டுமென்றால், தெப்பக்குளத்தருகே லூர்து மாதா கோவில் கோபுரத்தோடு முழுசாக நிற்கிறது; அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். தனுஷ்கோடிக்கே போனாலும் படம் எடுங்கள். கீழே மட்டும் ‘1964 புயலில் இடிந்தது, ஊரோடு’ என்று எழுதுங்கள். எழுதிய பிறகும் அதைக் கல்யாண ஆல்பத்தில் ஒட்ட மனம் வருகிறதா, பார்ப்போம்.