கொல்லை மரமும் அட்வான்ஸ் பணமும்

குழாய் வாஷர் தேய்ந்தால் மாற்ற வேண்டியவர் குடியிருப்பவர். ஜன்னல் வலை கிழிந்தாலும் அவரேதான். சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் வேலை. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் (2017) அட்டவணை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் குடியிருப்பவர் பட்டியலில், அவருக்கு விடப்பட்ட அல்லது அவர் பயன்படுத்தும் தோட்டத்தையும் திறந்தவெளியையும் பராமரிப்பது என்று ஒரு வரி வருகிறது. மரத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஐப்பசி மழை நெருங்கும்போது இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தகராறு தொடங்குகிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர் அரிவாளோடு வந்து நிற்கும், மரம் வெட்டும் நம் ஆள். குடியிருப்பவர் வெட்டச் சொல்வார். பாதி மரம் இறங்கியதும் வீட்டுக்காரர் வந்து கத்துவார். கூலி யார் தருவது என்பது மாலைவரை முடிவாகாது.

இந்த இதழின் நிலைப்பாடு இதுதான்: தண்ணீர் ஊற்றுவது, சருகு கூட்டுவது, கைக்கு எட்டும் கிளையைக் கழிப்பது ஆகியவை தோட்டப் பராமரிப்பு. ஏணி, கயிறு, ரம்பம் தேவைப்படும் எதுவும் வீட்டுக்காரர் முடிவு, வீட்டுக்காரர் செலவு. சட்டத்தின் போக்கும் இதற்கு எதிரானதல்ல. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, குத்தகைக்கு இருப்பவர் வெட்டுமரங்களை வெட்டவோ விற்கவோ கூடாது என்கிறது. சென்னை மாநகராட்சிக்கான பழைய 1919 சட்டமும் விழும் நிலையில் உள்ள மரத்துக்கான நோட்டீஸை மரத்தின் உரிமையாளருக்கே அனுப்பச் சொன்னது. தெருவில் நீட்டிக்கொண்டு வழியை மறைக்கும் கிளைக்கு மட்டும்தான் உரிமையாளரோ குடியிருப்பவரோ யாராவது ஒருவர் என்று விட்டது.

ஸ்டோர் வீடுகளில் சிக்கல் இன்னும் கூடுதல். ஆறு குடித்தனம், ஒரே முற்றம், அதில் ஒரு முருங்கை. முற்றம் தனியாக எவருக்கும் விடப்பட்டதில்லை. ஆனால் எல்லோரும் அங்கேதான் துணி காயப்போடுகிறார்கள். அதைக் காரணம் காட்டி ஆறு வீட்டிலும் வெட்டுக்கூலிக்குப் பங்கு வசூலிப்பது நியாயமில்லை. தென்னை இருந்தால் வழக்கம் வேறு: காய் வீட்டுக்காரருக்கு, மட்டையைக் கூட்டி அள்ளுவது குடியிருப்பவருக்கு. காய் எடுப்பவர்தான் மரமேறியின் கூலியும் தர வேண்டும் என்று நாம் வெளிப்படையாகவே சொல்லலாம். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும்போது மரத்தையே அடியோடு சாய்க்கச் சொல்லி வரும் அழைப்புகளுக்கு, பூச்சியை ஒழித்துவிட்டு மரத்தை விட்டுவைக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

குடியிருப்பவருக்குப் பெரிய கடமை ஒன்று உண்டு: பார்ப்பதும் சொல்வதும். தென்னந்தண்டில் துளையும் பழுப்புச் சாறும் கண்டால் அது சிவப்புக் கூன்வண்டாக இருக்கலாம். மாதம் ஒருமுறை வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் கண்ணில் அது படாது. லண்டனில் அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்னால் நின்ற பழைய எல்ம் மரம் ஓடும் கார் மேல் விழுந்த வழக்கில், வேர் அழுகல் வெளியே தெரியும்படி இல்லாததால் இடத்தை வைத்திருந்தவர்கள் பொறுப்பல்ல என்று 1950-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தெரிந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆகவே வாட்ஸ்அப்பில் ஒரு படமும் தேதியும் போட்டு அனுப்பிவிட்டால், பிறகு 'எனக்குத் தெரியாது' என்று வீட்டுக்காரர் சொல்ல முடியாது.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது: மரம் பட்டுப்போனால் அட்வான்ஸில் கழிப்பது. இங்கே காற்றில் உப்பு, ஆழ்துளைக் கிணற்றில் உப்பு, இலை மேல் நிலக்கரித் தூசி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள்ளேயே வந்தது; அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மாமரம் கருகினால் அதைக் குடியிருப்பவர் கணக்கில் எழுதுவது அநியாயம். துணிக் கம்பியைத் தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி, பட்டை அறுந்து மரம் செத்தால் அது குடியிருப்பவர் பிழை. அடிமரம்வரை சிமென்ட் பூசி வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாமல் அடைத்திருந்தால் அது வீட்டுக்காரர் பிழை. 2016 வர்தா புயலுக்குப் பிறகு பயத்தில் மொட்டையடிக்கப்பட்ட மரங்கள் மறுபடி துளிர்த்திருக்கின்றன. அந்தக் கிளைகளின் பிடிப்பு பலவீனமானது. அந்தப் பிழையில் நம் தொழிலுக்கும் பங்குண்டு.

எது யார் பிழை என்று பிறகு சொல்ல முடியவேண்டுமானால், குடிவரும் நாளன்று மரம் எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதியவும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதோடு ஒரு பக்க மர நிலைக் குறிப்பை இணைப்பது பெரிய வேலையில்லை. மரத்தின் பெயர், நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, சாய்வு, பொந்து, சிமென்ட், கம்பிக்கட்டு, சுவருக்கும் மின்கம்பிக்கும் உள்ள தூரம், நான்கு பக்கப் படம், இருவர் கையெழுத்து. எழுதித் தருபவர் நாம்; அதற்கு நியாயமான கட்டணம் வாங்கலாம்.

குடியிருப்பவரே நட்ட மரத்தில்தான் மனத்தாங்கல் அதிகம். மண்ணில் வேரூன்றியதும் நிலத்தோடு இணைந்த பொருள்தான். இடம் தன் கைவசம் இருக்கும்வரை, நிலத்தைப் பழைய நிலையில் விடும் நிபந்தனையோடு, தான் இணைத்ததை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே 108-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் ஐந்து வருடப் புன்னையையோ பூவரசையோ பெயர்த்து அடுத்த வாடகை வீட்டுக்குக் கொண்டுபோக யாரால் முடியும்? கடற்காற்றைத் தாங்கும் மரங்கள் இங்கே எளிதில் கிடைப்பதும் இல்லை. காலி செய்யும் வாரத்தில் அதை வெட்டச் சொல்லி அழைப்பு வந்தால், கத்தியை எடுக்கும் முன் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். மரம் இருக்கட்டும், வெட்டுச் செலவை அட்வான்ஸில் கழிக்க மாட்டேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.